பள்ளித் தொலைக்காட்சி: தில்லியில் 1961, தமிழில் எப்போது?

சைதை அறிவியல் ஆசிரியை

சென்ற மாதம், நான் பணியாற்றி ஓய்வு பெற்ற பள்ளியில், பயன்பாட்டிலிருந்து நீக்கிய பொருள்களை ஏலம் விடுவதற்காக ஒரு பின்னறையைக் காலி செய்தார்கள். இருப்புப் பதிவேட்டைச் சரிபார்க்க ஆள் வேண்டும் என்று அழைத்ததால் நானும் போயிருந்தேன். உடைந்த பெஞ்சுகளுக்கும் சுருட்டி வைத்த நிலப்படங்களுக்கும் பின்னால், இடுப்பு உயரக் கால்களின் மீது ஒரு மரப்பெட்டி நின்றது. இரண்டு கதவுகள், நடுவில் பித்தளைக் கொண்டி, கொண்டியில் துருப்பிடித்த பூட்டு. பூட்டை உடைத்துத் திறந்தபோது உள்ளே ஒரு கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சிப் பெட்டி இருந்தது. 'தலைமையாசிரியரின் அனுமதியின்றித் திறக்கக் கூடாது' என்று சிவப்பு மையில் எழுதிக் கதவின் உட்புறம் ஒட்டிய தாள் இன்னும் உரியாமல் இருந்தது.

நான் 1981-இல் பணியில் சேர்ந்தேன். பெட்டியின் சாவி தலைமையாசிரியரின் மேசை இழுப்பறையில் இருக்கும். ஒளிபரப்பு நேரம் நெருங்கும்போது அவர் கூட்டத்திலோ மேலதிகாரியின் அலுவலகத்திலோ இருப்பார். சாவி வந்து, பூட்டைத் திறந்து, மாடியில் ஒருவர் ஆன்டெனாவைத் திருப்ப, கீழே ஒருவர் 'இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்' என்று குரல் கொடுத்து, படம் தெளியும்போது பாடத்தில் பாதி முடிந்திருக்கும். மூன்று பிரிவு மாணவர்களையும் ஒரே அறையில் தரையில் உட்கார வைத்திருப்போம். பின்வரிசைப் பிள்ளைகளுக்குத் திரையில் வெளிச்சம் மட்டுமே தெரியும். அன்றைக்கு என்ன பாடம் வரப்போகிறது என்பது எனக்கே முன்கூட்டித் தெரியாது. இரண்டு ஆண்டுகளில் அந்தப் பெட்டியைத் திறப்பதை நிறுத்திவிட்டோம்.

அன்று என் பக்கத்தில் நின்ற இளம் ஆசிரியர், 'இது எதற்காக வாங்கியது, அம்மா?' என்று கேட்டார். பதில் சொல்லத் தொடங்கியபோதுதான், இதன் வரலாற்றை நானே கோவையாக அறிந்திருக்கவில்லை என்பது உறைத்தது. அதன்பின் படித்ததை இங்கே வைக்கிறேன்.

இந்தியாவில் தொலைக்காட்சி 1959 செப்டம்பர் 15 அன்று தில்லியில் யுனெஸ்கோவின் உதவியுடன் சோதனை முறையில் தொடங்கியது. ஃபோர்டு அறக்கட்டளையின் உதவியோடு 1961 அக்டோபரில் தில்லி மேல்நிலைப் பள்ளிகளுக்கு முறையான பாட ஒளிபரப்பு தொடங்கியது. இயற்பியல், வேதியியல், ஆங்கிலம் ஆகியவை முதலில் வந்தன. பல பள்ளிகளில் ஆய்வகமும் தகுதி பெற்ற அறிவியல் ஆசிரியர்களும் போதுமான அளவில் இல்லாததே இதற்குக் காரணம். பொதுமக்களுக்கான அன்றாட ஒளிபரப்பு 1965-இல்தான் வந்தது என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். அதாவது, நம் நாட்டில் தொலைக்காட்சி வீட்டுக் கூடத்துக்கு வருவதற்கு முன்பே வகுப்பறைக்கு வந்துவிட்டது. இதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே பெருமையாக இருந்தது.

அடுத்து 1975-இல் செயற்கைக்கோள் வழிக் கல்வித் தொலைக்காட்சிச் சோதனை வருகிறது. ஆறு மாநிலங்கள், ஏறத்தாழ 2,400 சிற்றூர்கள்; இந்தி, ஒடியா, தெலுங்கு, கன்னடம் என நான்கு மொழிகள். தமிழ் அதில் இல்லை. 1982-இல் நம் நாட்டின் இன்சாட் செயற்கைக்கோள் வழியாகத் தொடங்கிய பள்ளி ஒளிபரப்பிலும் தமிழ் இல்லை. தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று 'கல்வித் தொலைக்காட்சி' என்ற முழுநேர அலைவரிசை 2019-இல்தான் வந்தது. நாடு முழுவதற்கும் உரியது என்று சொல்லப்பட்ட ஒரு பணியில் நம் பிள்ளைகளின் மொழி ஏன் இத்தனை ஆண்டுகள் விடுபட்டது? விவரம் அறிந்தவர்கள் எழுத வேண்டுகிறேன்.

சேப்பாக்கம் பொறியாளர்

அம்மா, வணக்கம். சுவாமி சிவானந்தா சாலையிலுள்ள தொலைக்காட்சி நிலையத்தின் தொழில்நுட்பப் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றியவன் என்ற முறையில் சிலவற்றைத் தெளிவுபடுத்த விரும்புகிறேன். நீங்கள் தந்த ஆண்டுகள் சரி. ஆனால் 1975-ஐப் பொறுத்தவரை, தமிழ் விடுபட்டதற்கு மொழிப் புறக்கணிப்பைக் காரணமாகச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

அந்தச் செயற்கைக்கோள் நம்முடையதன்று. அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் ஏ.டி.எஸ்-6 அது. விக்ரம் சாராபாயின் முயற்சியால் 1969-இல் உடன்பாடு கையெழுத்தாயிற்று. சோதனை நடந்தபோது அவர் உயிருடன் இல்லை. 1975 ஆகஸ்ட் 1 முதல் 1976 ஜூலை 31 வரை ஓராண்டுக்கு மட்டும் நமக்கு இரவலாகக் கிடைத்தது. விண்ணில் அது விரித்த குடை போன்ற ஆன்டெனா ஏறத்தாழ 9 மீட்டர் அகலம் கொண்டது. மேலே அவ்வளவு பெரிய குடை இருந்ததால்தான், கீழே சிற்றூர்ப் பள்ளியின் கூரைக்குப் பக்கத்தில் கோழிக்கூண்டுக்குப் போடும் கம்பிவலையைக் கொண்டு செய்த 3 மீட்டர் கிண்ணமே போதுமானதாயிற்று. கரடுமுரடான சாலைகளில் ஜீப்பில் ஏற்றிச் சென்று, உள்ளூர் ஆட்களே பூட்டி நிறுத்தக்கூடிய ஏற்பாடு அது. எங்கள் தலைமுறைப் பொறியாளர்கள் அந்தக் கம்பிவலைக் கிண்ணத்தைப் பற்றிப் பேசும்போது இன்றும் குரல் மாறும்.

இனி மொழிக் கணக்குக்கு வருகிறேன். நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் கிடைத்தது; அதில் காலை ஒன்றரை மணி நேரம் பள்ளிப் பிள்ளைகளுக்கு உரியது. ஒரு படத்துடன் இரண்டு ஒலித்தடங்களை மட்டுமே அனுப்ப முடியும். 90 நிமிடங்களை நான்கு மொழிகளுக்குப் பங்கிட்டால் ஒவ்வொன்றுக்கும் இருபத்திரண்டரை நிமிடம் வரும். ஐந்தாவது மொழியைச் சேர்த்திருந்தால் எல்லாருக்கும் 18 நிமிடமாகச் சுருங்கியிருக்கும். பின்தங்கிய மாவட்டங்களைத் தொகுதிகளாகத் தேர்ந்தெடுத்தார்கள். கர்நாடகத்தில் குல்பர்கா, ராய்ச்சூர், ஆந்திரத்தில் மேடக், கர்னூல் என்று அந்தப் பட்டியல் போகும். சென்னையிலோ அதே ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று தரைவழி நிலையமே தொடங்கிவிட்டது. பள்ளிகளுக்கான நிகழ்ச்சிகளையும் அது ஒளிபரப்பியது. உங்கள் மரப்பெட்டி பிடித்ததும் அந்த அலைதான்.

ஆனால் தரைவழி அலைக்கு எல்லை உண்டு. சென்னையைச் சுற்றியிருந்தவர்களுக்குப் படம் கிடைத்தது. தருமபுரியிலும் இராமநாதபுரத்திலும் இருந்த பிள்ளைக்குக் கிடைக்கவில்லை. இதை நான் மறைக்க மாட்டேன்.

சைதை அறிவியல் ஆசிரியை

ஐயா, நன்றி. 90 நிமிடக் கணக்கை இவ்வளவு எளிதாக யாரும் எனக்கு விளக்கியதில்லை. 1975-ஐப் பற்றிய என் சொற்களைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். இரவல் வாங்கிய கருவியில் எல்லாருக்கும் இடம் கேட்பது முறையாகாது.

என்றாலும், சென்னைக்கு நிலையம் கிடைத்தது என்பதால் தமிழ்நாட்டுப் பிள்ளைக்குக் கிடைத்துவிட்டது என்று தில்லியில் இருந்தவர்கள் எண்ணியிருந்தால், அந்த எண்ணமே தவறு. நீங்கள் சொல்லும் தருமபுரிப் பிள்ளைதான் ஆய்வகம் இல்லாத பள்ளியில் படித்தது. 1961-இல் தில்லியில் எந்தக் குறையைப் போக்கப் பள்ளித் தொலைக்காட்சியைத் தொடங்கினார்களோ, அதே குறை. சைதாப்பேட்டையில் எங்களுக்குக் குறைந்த அளவிலாவது ஒரு சோதனைக்குழாயும் ஒரு சாராய விளக்கும் இருந்தன.

கிண்டி முன்னாள் மாணவர்

இன்சாட் காலத்தைப் பற்றி என் நினைவிலிருந்து சிறிது சேர்க்கிறேன். பல்கலைக்கழக மானியக் குழுவின் 'நாடு தழுவிய வகுப்பறை' என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சி 1984 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. நண்பகலில் ஒரு மணி நேரமும் அதன் மறு ஒளிபரப்பு மாலையிலும் வரும். கல்லூரி மாணவர்களுக்கானது என்றாலும், வீட்டில் பெட்டி வைத்திருந்த பள்ளிப் பிள்ளைகள்தாம் அதை அதிகம் பார்த்தோம். கல்லூரி மாணவர்கள் அந்த நேரத்தில் கல்லூரியில் இருப்பார்கள்.

அப்போது நான் ஒன்பதாம் வகுப்பில் தமிழ் வழியில் படித்துக்கொண்டிருந்தேன். கோடை விடுமுறையில் எதிர்வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சன்னல் வழியாகப் பார்ப்பேன். ஒரு நாள், எறும்பு ஒன்று தன்னைவிடப் பெரிய இலைத்துண்டைச் சுமந்து செல்வதை மிக அருகிலிருந்து காட்டினார்கள். பேசிய ஆங்கிலத்தில் பத்தில் ஒரு சொல்கூட எனக்குப் புரியவில்லை. ஆனாலும் அந்த எறும்பின் முன்னங்கால் இலையைப் பற்றியிருந்த விதம் இன்றும் கண்ணில் நிற்கிறது. மறுநாள் எங்கள் வீட்டு முருங்கை மரத்தடியில் அரை நாள் குந்தியிருந்தேன். பின்னாளில் நான் விலங்கியல் படித்ததற்கு அந்த எறும்புக்குப் பங்கு உண்டு.

அந்தத் திட்டத்துக்காக நிகழ்ச்சிகளைத் தயாரித்த மையங்கள் தமிழ்நாட்டிலும் இருந்தன: ஒன்று கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகத்தில், மற்றொன்று மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில். அதாவது, நம் ஊரில், நம் ஆட்கள், நம் கூடத்தில் எடுத்தும், நாடு முழுவதற்கும் போக வேண்டும் என்பதால் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எடுத்தார்கள். ஆசிரியை அம்மா கேட்ட கேள்வியின் கூர்மை எனக்கு இங்கேதான் தெரிகிறது. கருவி இருந்தது, திறமை இருந்தது, சென்னையிலேயே இருந்தது. எதிர்வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்த பையனுக்கு அந்த எறும்பைப் பற்றி ஒரு வாக்கியமாவது தமிழில் சொல்ல அந்த ஏற்பாட்டில் இடமில்லாமல் போயிற்று.

ஆய்வு மாணவி, மெரினா வளாகம்

கல்வித் தொடர்பியலில் ஆய்வு செய்துவருகிறேன். இந்த இழையில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்த்தால் நல்லது என்று கருதுகிறேன்.

முதலாவது, மொழி. இன்சாட்-1ஏ 1982 ஏப்ரலில் ஏவப்பட்டுச் செப்டம்பரிலேயே செயலிழந்தது. 1983 ஆகஸ்ட் 30 அன்று சேலஞ்சர் விண்வெளி ஓடத்தில் ஏவப்பட்ட இன்சாட்-1பி-தான் நிலையான பணியைத் தந்தது. அதன் பள்ளி ஒளிபரப்புக்கு ஆந்திரம், ஒடிசா, மகாராட்டிரம், குசராத், உத்தரப் பிரதேசம், பீகார் ஆகிய ஆறு மாநிலங்கள் தேர்வாயின. ஐந்து முதல் எட்டு வயதினருக்கும் ஒன்பது முதல் பதினொரு வயதினருக்கும் தனித்தனி நிகழ்ச்சிகள். தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுவின் கீழ் 1984-இல் மத்தியக் கல்வித் தொழில்நுட்ப நிறுவனம் உருவாயிற்று. அந்த ஆறு மாநிலங்களிலும், ஐதராபாத், புவனேசுவரம், பாட்னா, லக்னோ, அகமதாபாத், புனே ஆகிய நகரங்களில், மாநிலக் கல்வித் தொழில்நுட்ப நிறுவனங்கள் தோன்றின. இது வெறும் அலுவலகம் அன்று. அந்தந்த மொழியில் குழந்தைக்கு எழுதத் தெரிந்தவர், பொம்மலாட்டம் தெரிந்தவர், ஒளிப்பதிவாளர் எனப் பலரை ஒரே கூரையின் கீழ் ஆண்டுக்கணக்கில் பழக்கிய இடம். தமிழுக்கு அப்படி ஒரு கூரை அப்போது கிடைக்கவில்லை. ஒளிபரப்பு நேரத்தை இழந்ததைக் காட்டிலும் இதையே நான் பெரிய இழப்பாகக் கருதுகிறேன், ஏனெனில் நேரத்தைப் பின்னால் வாங்கிக்கொள்ளலாம், பழகிய கைகளை அப்படி வாங்க முடியாது.

இரண்டாவது, ஆசிரியர். மரப்பெட்டியின் சாவியைப் பற்றி அம்மா எழுதியதைப் படித்தபோது, 1975 சோதனையின் ஒரு பகுதி நினைவுக்கு வந்தது. அதிகம் பேசப்படாத பகுதி அது. தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு அறிவியல் கற்பிப்பதில் பன்னிரண்டு நாள் பயிற்சியை இரண்டு சுற்றுகளாக நடத்தினார்கள். இரண்டிலும் சேர்த்து ஏறத்தாழ 50,000 ஆசிரியர்கள் பங்கேற்றார்கள். தொலைக்காட்சியோடு வானொலி, அச்சிட்ட கையேடு, ஒவ்வொரு மையத்திலும் நேரில் நின்று செய்துகாட்ட ஒரு வழிகாட்டி என நான்கும் சேர்ந்தே அந்தப் பயிற்சி அமைந்தது. பிள்ளைகளுக்கான அறிவியல் நிகழ்ச்சிகளைப் பேராசிரியர் யஷ்பால் தலைமையிலான விண்வெளிப் பயன்பாட்டு மையத்தின் பம்பாய்ப் படப்பிடிப்புக் கூடத்தில் எடுத்தார்கள். பாடநூலை ஒப்பிப்பதைத் தவிர்த்து, வீட்டிலும் வயலிலும் கிடைக்கும் பொருள்களைக் கொண்டு கேள்வி எழுப்புவதாக அவை இருந்தன.

தொலைக்காட்சி வந்ததால் மாணவர் சேர்க்கையோ வருகையோ குறிப்பிடத்தக்க அளவில் உயரவில்லை என்பதே சோதனைக்குப் பிந்தைய மதிப்பீடுகளில் தெரிந்தது. பிள்ளைகளின் மொழி வளர்ச்சியிலும் அறியும் ஆர்வத்திலும் முன்னேற்றம் தென்பட்டது. பள்ளிக்கு வராத பிள்ளையைத் தொலைக்காட்சி கொண்டுவந்து சேர்க்காது. வந்த பிள்ளையைப் பேசவைக்கும். கிண்டி நண்பரின் எறும்பும் அதைத்தானே செய்தது?

வியாசர்பாடி வாசகி

படித்தவர்கள் எழுதும் இழையில் நான் எழுதலாமா என்று தயங்கினேன். ஆனால் கல்வித் தொலைக்காட்சி ஓராண்டுக்கும் மேலாக எங்கள் வீட்டில் நடந்தது என்பதால் எழுதுகிறேன்.

2020-இல் என் மகள் ஏழாம் வகுப்பு, மகன் நான்காம் வகுப்பு. வீட்டில் ஒரே கைப்பேசி. அது என் கணவரோடு வேலைக்குப் போய்விடும். அதனால் இணைய வகுப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. அரசு கேபிளின் செட்-டாப் பாக்ஸ் இருந்தது. அதில் 200-ஆம் எண்ணில் கல்வித் தொலைக்காட்சி வரும். நாளிதழில் வந்த பாட அட்டவணையை வெட்டி பீரோ கதவில் ஒட்டினோம். மகளுக்குக் கணக்கு வரும் நேரத்தில் நான் குக்கரைக்கூட அணைத்துவிடுவேன், விசில் சத்தத்தில் ஒரு வரி போய்விடக் கூடாது என்று.

ஒரு நாள் முழுக்களின் கழித்தல் பாடம். −5-இலிருந்து −3-ஐக் கழிக்க வேண்டும். திரையிலிருந்த ஆசிரியை அழகாகத்தான் விளக்கினார், எண்கோட்டையும் காட்டினார். ஆனால் இரண்டு கழித்தல் குறிகள் சேர்ந்தால் ஏன் கூட்டலாகிறது என்ற இடத்தில் மகள் நின்றுவிட்டாள். பாடம் நிற்கவில்லை. அவள் 'அம்மா, நிறுத்தச் சொல்' என்று என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை என்னால் மறக்க முடியாது. நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். என்னாலும் சொல்லித்தர முடியவில்லை.

அதன்பின் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதியையும் புரியாத வரியையும் எழுதி வைப்பாள். கட்டுப்பாடுகள் தளர்ந்த பிறகு, அவள் வகுப்பாசிரியை வாரம் ஒரு நாள் எங்கள் தெருப் பிள்ளையார் கோயில் திண்ணைக்கு வந்து உட்காருவார். ஏழெட்டுப் பிள்ளைகள் முகக்கவசத்தோடு தள்ளித் தள்ளி உட்கார்ந்து கடைசிப் பக்கத்தை விரிப்பார்கள். அந்த ஆசிரியை புளியங்கொட்டைகளை வைத்து, ஐந்து ரூபாய்க் கடனில் மூன்று ரூபாய்க் கடனைத் தள்ளுபடி செய்தால் மீதிக் கடன் எவ்வளவு என்று கேட்டார். இரண்டு ரூபாய்க் கடன் என்று நான்கு பிள்ளைகள் ஒரே குரலில் சொன்னார்கள்.

தமிழில் வந்ததால்தான் என் மகளால் எந்த வரி புரியவில்லை என்று எழுத முடிந்தது. ஆங்கிலத்தில் வந்திருந்தால் எது புரியவில்லை என்பதே அவளுக்குத் தெரிந்திருக்காது. ஆசிரியை அம்மா கேட்ட மொழிக் கேள்விக்கு எனக்குத் தெரிந்த விடை இதுதான்.

சேப்பாக்கம் பொறியாளர்

சகோதரி, தயங்க வேண்டியதே இல்லை. இந்த இழையில் இதுவரை வந்தவற்றுள் எனக்கு மிகவும் பயன்பட்டது உங்கள் பதிவுதான். 'நிறுத்தச் சொல்' என்ற அந்தச் சொல்லை நாங்கள் பொறியியல் வழியில் தீர்க்க முயன்ற கதையும் உண்டு.

2004 செப்டம்பர் 20 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஜி.எஸ்.எல்.வி. எஃப்-01 ஏவூர்தி எடுசாட்டைச் சுமந்து சென்றது. 1,950 கிலோ எடை கொண்ட அது, கல்விக்கென்றே இந்தியா செய்த முதல் செயற்கைக்கோள். எண்ணூரில் என் தங்கை வீட்டு மொட்டைமாடியில் நின்று, வடக்கே மேகத்துக்குள் அந்த நெருப்புக்கோடு ஏறி மறைந்ததைப் பார்த்தபோது கண் கலங்கினேன். ஒரு மொழிக்கு இருபத்திரண்டரை நிமிடம் என்று பங்கிட்ட காலம் முடிந்தது. வட்டாரத்துக்கு ஒன்றாகத் தனித்தனி அலைக்கற்றைகள் இருந்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, பேசவும் கேட்கவும் வசதியுள்ள முனையங்களை வைத்தால், வகுப்பிலிருந்தபடியே மாணவர் 'ஐயா, அந்த வரி புரியவில்லை' என்று கேட்கலாம்.

ஆனால் பெரும்பாலான தொடக்கப் பள்ளிகளுக்குக் கிடைத்தவை ஒளிபரப்பைப் பெற மட்டுமே கூடிய முனையங்களே. திரும்பப் பேசும் வசதி அவற்றில் இல்லை. நான் பார்வையிடச் சென்ற ஒரு பள்ளியில் மின்கலங்கள் வீங்கிப்போய்க் கிடந்தன. மாற்றுவதற்கு எந்தத் தலைப்பில் செலவெழுதுவது என்று யாருக்கும் தெரியவில்லை. கணக்குத் தணிக்கைத் துறையும் எடுசாட் பயன்பாட்டில் இருந்த குறைகளைப் பின்னாளில் சுட்டிக்காட்டியது. 2010-இல் செயற்கைக்கோளின் பணி முடிந்தது. கம்பிவலைக் கிண்ணத்துக்கு ஓராண்டு முழுவதும் ஜீப்பில் ஆள் அனுப்பிப் பழுது பார்த்த நாம், அதைவிடப் பல மடங்கு வலிமையான கருவிக்கு ஒரு மின்கலம் வாங்கித் தராமல் விட்டோம். அந்தத் துறையில் உழைத்தவன் என்ற முறையில் எனக்கு இது ஆறாத வருத்தம்.

ஆய்வு மாணவி, மெரினா வளாகம்

அதன் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சேர்க்கிறேன். 2017 ஜூலையில் 32 அலைவரிசைகளோடு மத்திய அரசின் கல்வி ஒளிபரப்பான 'சுவயம் பிரபா' தொடங்கியது. நாள்தோறும் நான்கு மணி நேரப் புதிய பாடங்களைத் திரும்பத் திரும்ப ஒளிபரப்பி நாள் முழுவதையும் நிரப்பும் முறை. 2020-இல் வகுப்புக்கு ஓர் அலைவரிசை என்று பன்னிரண்டு வந்தன. 2022 நிதிநிலை அறிக்கையில் அதை 200 ஆக்கப்போவதாக அறிவித்தார்கள், மாநில மொழிகளுக்கு இடம் தருவதே நோக்கம் என்றும் சொன்னார்கள்.

மாநிலங்களில் கேரளம் நமக்கு முன்னோடி. அங்கே விக்டர்ஸ் என்ற கல்வி அலைவரிசையை 2005-இல் அப்துல் கலாம் தொடங்கி வைத்தார். அந்தப் பதினைந்து ஆண்டுப் பழக்கம் இருந்ததால்தான் 2020 ஜூன் 1 அன்றே அவர்களால் பாடங்களைத் தொடங்க முடிந்தது. நம் கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்ட் 26 அன்று கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் தொடங்கியது. ஏழே மாதங்களில் பள்ளிகள் மூடப்பட்டன. படப்பிடிப்பு விளக்கின் முன் நின்று பழக்கமே இல்லாத அரசுப் பள்ளி ஆசிரியர்கள், அவ்வளவு குறுகிய காலத்தில், இரண்டாம் வகுப்பு முதல் உயர்வகுப்பு வரை பாடங்களைத் தமிழில் எடுத்து முடித்தார்கள். கரும்பலகை முன் நின்று பேசுவதையே படமாக்கிவிட்டார்கள் என்று சிலர் குறை சொல்வதுண்டு. அதில் உண்மையும் உண்டு. ஆனால் 1984-இலேயே நமக்கு அந்தக் கூரை கிடைத்திருந்தால் 2020-இல் கரும்பலகையைத் தாண்டிய கைகள் ஆயத்தமாக இருந்திருக்கும். குறையை அந்த ஆசிரியர்கள் மேல் சுமத்துவது சரியன்று.

சைதை அறிவியல் ஆசிரியை

என் முதல் பதிவில் மொழியை மட்டும் கேட்டேன். வியாசர்பாடி சகோதரியின் பதிவைப் படித்த பிறகு, என் கேள்வி பாதிக் கேள்விதான் என்று தெரிந்துகொண்டேன். நான்கு நாளாக அந்தப் புளியங்கொட்டைகளையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் மரப்பெட்டியில் வந்த பாடமும் தமிழ்ப் பாடம்தான். இருந்தும் நாங்கள் அதைக் கைவிட்டோம். பாடத்துக்கு முன் பத்து நிமிடமும் பின் பத்து நிமிடமும் எனக்கென்று யாரும் ஒதுக்கவில்லை. என்ன வரப்போகிறது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. 1975-இல் அந்த 50,000 ஆசிரியர்களுக்கு அச்சிட்ட கையேடும் வழிகாட்டியும் தந்தவர்கள் இதை அறிந்திருந்தார்கள். அதற்குப் பின் வந்த ஒவ்வொரு திட்டமும் அலைவரிசைகளின் எண்ணிக்கையை ஏற்றிக்கொண்டே போயிற்று. கையேடு எங்கோ நின்றுவிட்டது. அந்தத் திண்ணை ஆசிரியைக்கும் யாரும் நேரம் ஒதுக்கித் தரவில்லை. அவராகவே எடுத்துக்கொண்டார்.

எனவே நான் செய்யக்கூடியதைச் செய்யத் தொடங்கியிருக்கிறேன். ஒளிபரப்பாகும் எட்டாம் வகுப்பு அறிவியல் பாடங்களுக்கு, பாடத்துக்கு ஒரு பக்கம் என்று ஆசிரியர் தாள் எழுதுகிறேன். முதல் தாள் ஒளிவிலகல்:

'காணொளிக்கு முன்: ஒளி ஊடுருவாத கிண்ணம் ஒன்றின் அடியில் ஒரு நாணயத்தை வைக்கவும். மாணவர் நாணயத்தைப் பார்த்தபடியே பின்னால் நகர்ந்து, நாணயம் விளிம்பில் மறையும் இடத்தில் நிற்கட்டும். கண்ணின் உயரத்தை மாற்றக் கூடாது. மற்றொருவர் நாணயம் அசையாதவாறு மெதுவாகத் தண்ணீர் ஊற்றட்டும். என்ன தெரிகிறது என்று மட்டும் கேட்கவும். காரணம் சொல்ல வேண்டாம். அதன்பின் காணொளியைப் போடவும். காணொளிக்குப் பின்: நாணயம் மேலே வந்ததா, வந்ததுபோல் தெரிந்ததா என்று கேட்டு, கதிர்ப்படத்தை மாணவரையே வரையச் சொல்லவும்.'

மற்ற தாள்களையும் வாரம் ஒன்றாக இங்கே இடுகிறேன். எந்தப் பள்ளியும் எடுத்துக்கொள்ளலாம். பிழை இருந்தால் திருத்துங்கள்.

கிண்டி முன்னாள் மாணவர்

உயிரியல் தாள்களை நான் எழுதித் தருகிறேன், அம்மா. எறும்பிலிருந்து தொடங்குவேன்.

வியாசர்பாடி வாசகி

அம்மா, என் மகன் இப்போது எட்டாம் வகுப்பு. நேற்று இரவு எவர்சில்வர் கிண்ணத்தில் ஐந்து ரூபாய் நாணயத்தை வைத்துச் செய்து பார்த்தோம். நாணயம் தெரிந்ததும் அவன் அக்காவைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு மூன்று முறை ஊற்றச் சொன்னான். பிறகு ஒரு கேள்வி கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. தண்ணீருக்குப் பதில் எண்ணெய் ஊற்றினால் இன்னும் கொஞ்சம் பின்னால் போய் நின்றாலும் நாணயம் தெரியுமா?

சைதை அறிவியல் ஆசிரியை

தெரியும். தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33, சமையல் எண்ணெய்க்கு ஏறத்தாழ 1.47. ஆகவே எண்ணெயில் நாணயம் இன்னும் சற்று உயர்ந்து தோன்றும். இரண்டையும் ஒரே அளவு உயரத்துக்கு ஊற்றி, ஒவ்வொரு முறையும் நாணயம் மறையும் இடத்தில் தரையில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டு, இரண்டு கோடுகளுக்கும் இடையிலுள்ள தூரத்தை அளந்து நோட்டில் எழுதச் சொல்லுங்கள். அவன் கேள்வியைத் தாளில் நான்காவதாகச் சேர்த்துவிட்டேன்.